விகிதமுறா மூலங்கள்: பெருக்கலும் சுருக்கலும்

நுழையும்முன்

ஏ3 தாளில் உள்ள வரைபடத்தை ஏ4 தாளுக்குள் அடக்க வேண்டுமா? ஒளிநகல் கடைக்காரர் எந்திரத்தில் 71 விழுக்காடு என்னும் அளவைத் தேர்ந்தெடுப்பார். ஏ4 தாளில் உள்ளதை ஏ3 அளவுக்குப் பெரிதாக்க 141 விழுக்காட்டைத் தேர்ந்தெடுப்பார். இவ்விரு எண்களுக்கும் பின்னால் √2 என்னும் ஒரே எண் நிற்கிறது. அத்தகைய எண்களைப் பெருக்கவும் சுருக்கவும் இப்பாடத்தில் கற்போம்.

தாளும் மூலமும்

ஏ வரிசைத் தாளை அதன் நீளம் பாதியாகுமாறு மடித்தாலும் நீள அகல விகிதம் மாறுவதில்லை. தாளின் அகலம் 1 எனவும் நீளம் ம எனவும் கொள்வோம். மடித்தபின் நீளம் 1, அகலம் ம/2. விகிதங்கள் சமமாதலால் ம/1 = 1/(ம/2). எனவே ம² = 2; அதாவது ம = √2. ஏ4 தாளின் அளவு 297 மி.மீ., 210 மி.மீ. ஆகும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.414 கிடைப்பதைக் காணலாம்.

√2 விகிதமுறா எண். முடிவுறு தசமமாக அதை எழுத இயலாது. 1.41 என எழுதினால் சிறு பிழை நுழைகிறது. ஒரு படத்தை இருமுறை √2 மடங்கு பெரிதாக்கினால் √2 × √2 = 2; சரியாக இருமடங்கு. 1.41 × 1.41 = 1.9881 மட்டுமே. கணக்கின் இறுதிவரை மூலக்குறியை விடாமல் வைத்திருப்பதன் பயன் இதுவே.

பெருக்கல் விதி

அ, ப ஆகியவை குறையெண் அல்லாத மெய்யெண்கள் எனில்,

√அ × √ப = √(அ × ப)

இடப்பக்கத்தை வர்க்கப்படுத்தினால் அ × ப கிடைக்கிறது. மேலும் இடப்பக்கம் குறையெண் அன்று. ஆகவே அது அ × ப என்பதன் வர்க்கமூலமே.

எடுத்துக்காட்டு 1: √6 × √10 = √60 = √(4 × 15) = 2√15.

அடிமானத்தில் உள்ள மிகப்பெரிய முழு வர்க்கக் காரணியை வெளியே எடுப்பதே சுருக்கல் ஆகும்.

எடுத்துக்காட்டு 2: 3√8 × 2√6 = 6√48 = 6 × 4√3 = 24√3.

முதலில் √8 = 2√2 எனச் சுருக்கிப் பின்னர்ப் பெருக்கினாலும் இதே விடை வரும். சிறிய எண்களோடு பணியாற்றலாம் என்பதால் அவ்வழி எளிது.

வரிசைகள் வேறுபட்டால் முதலில் அவற்றைச் சமமாக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு 3: √2 × ∛2 = ⁶√8 × ⁶√4 = ⁶√32.

இணை மூலங்கள்

(√5 + √3)(√5 − √3) = 5 − 3 = 2. பெருக்கலில் மூலக்குறிகள் மறைந்துவிடுகின்றன. எனவே 1/(√5 − √3) என்பதன் தொகுதியையும் பகுதியையும் √5 + √3 ஆல் பெருக்கினால் (√5 + √3)/2 கிடைக்கும். இதுவே பகுதியை விகிதப்படுத்துதல். ஒளிநகல் கடையின் 71 விழுக்காடும் இவ்வாறு வந்ததே: 1/√2 = √2/2 ≈ 0.707.

விதியின் எல்லை

விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழைகள் மூன்று.

முதலாவது, பெருக்கல் விதியைக் கூட்டலுக்குப் பயன்படுத்துதல். √9 + √16 = 7; ஆனால் √(9 + 16) = 5.

இரண்டாவது, √(ம²) = ம என எப்போதும் எழுதுதல். ம = −3 எனில் √(ம²) = √9 = 3. எனவே √(ம²) = |ம| என்பதே சரி.

மூன்றாவது, விதியின் நிபந்தனையை மறத்தல். லியோனார்டு ஆய்லர் 1770இல் ஜெர்மன் மொழியில் வெளியான தம் இயற்கணித நூலில் √(−1) × √(−4) = √4 = 2 எனக் காட்டினார். இன்றைய மரபில் √(−4) = 2√(−1). ஆகவே பெருக்கற்பலன் 2 × (−1) = −2. ஆய்லர் தவறினாரா, மூலக்குறிக்கு அவர் கொண்ட பொருள் வேறா என ஆய்வாளர்கள் விவாதித்துள்ளனர். நமக்குரிய பாடம் தெளிவானது: விதியை எழுதும்போது அதன் நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும். நிபந்தனையும் விதியின் ஒரு பகுதியே.

தெரிந்து தெளிவோம்

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் பாஸ்கரர், தம் பீஜகணிதம் என்னும் நூலில் இம்மூலங்களைக் ‘கரணி’ என்றார். கரணிகளின் கூட்டலுக்கும் அந்நூலில் முறை உண்டு. அம்முறைப்படி √2, √8 ஆகியவற்றைக் கூட்ட 2 + 8 + 2√16 = 18 எனக் கண்டு, விடை √18 எனப் பெறலாம். √2 + 2√2 = 3√2 எனச் சரிபார்த்துக்கொள்க.

கற்பவை கற்றபின்

1. √12 × √15 என்பதைச் சுருக்குக.
2. (2√3 + √2)(2√3 − √2) என்பதன் மதிப்பு விகிதமுறு எண் எனக் காட்டுக.
3. ம = −2 எனில் √(50ம²) என்பதன் மதிப்பு யாது? −10√2 என ஒரு மாணவர் விடை எழுதினால் அவரது பிழையை விளக்குக.
4. ஏ4 தாளை இருமுறை மடித்து, ஒவ்வொரு முறையும் நீளத்தையும் அகலத்தையும் அளந்து விகிதம் காண்க. விகிதங்கள் சிறிது வேறுபட்டால் அதற்குக் காரணம் யாது? வகுப்பில் கலந்துரையாடுக.