உருக்கி ஒட்டிய இடத்தில் மட்டும் துரு ஏன்?

மாணவர்களே, "கறையில் உருக்கு துருப்பிடிக்காது" என்று விடை எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். "எளிதில் துருப்பிடிக்காது" என்பதே சரியான விடை.

ஜிந்துப்பிட்டியில் மாடிவீடுகளின் கைப்பிடிக் குழாய்களைக் கவனியுங்கள். குழாய் பளபளப்பாக இருக்கும். ஆனால் வெல்டிங் செய்த மூட்டில் செம்மஞ்சள் கறை படிந்திருப்பதைச் சில இடங்களில் காணலாம். துறைமுகப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று குழாய் முழுவதிலும்தான் படுகிறது. அப்படியிருக்க, மூட்டு மட்டும் அரிக்கப்படுவது ஏன்?

1. பாதுகாப்பைத் தருவது எது?

கறையில் உருக்கு ஒரு கலப்புலோகம். இதில் குறைந்தது 10.5% குரோமியம் இருக்கும். பொதுவாகப் பயன்படும் 304 ரகத்தில் குரோமியம் ஏறத்தாழ 18%, நிக்கல் ஏறத்தாழ 8% உண்டு. குரோமியம் வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் இப்படலம் தானே மீண்டும் உருவாகும். ஆகவே குரோமியம் குறையும் இடத்தில் பாதுகாப்பும் குறையும்.

2. உருக்கி ஒட்டும்போது நடப்பது என்ன?

(அ) மூட்டைச் சுற்றி நீலம், கபிலம் போன்ற நிறங்கள் தோன்றும். இது வெப்பத்தால் தடித்த ஒட்சைட்டுப் படை. இதன் கீழுள்ள உலோகப் பரப்பில் குரோமியம் குறைந்திருக்கும். வீட்டுக் கைப்பிடிகளில் கறை ஏற்பட இது ஒரு முக்கிய காரணம்.

(ஆ) மூட்டுக்கு அருகிலுள்ள பகுதி ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால், குரோமியம் காபனுடன் சேர்ந்து குரோமியம் காபைட்டாகும். உலோகத்திலுள்ள சிறு பளிங்கு மணிகளின் எல்லைகளிலேயே இது படியும். அவ்வெல்லைகளை ஒட்டிய பகுதி குரோமியத்தை இழந்து அரிப்புக்கு உள்ளாகும். தடித்த தகடுகளிலும் காபன் கூடிய ரகங்களிலும் இவ்வாபத்து அதிகம்.

கடற்காற்றிலுள்ள குளோரைட்டு அயன்கள் இவ்வாறு பலமிழந்த இடங்களையே முதலில் தாக்குகின்றன.

3. தடுக்கும் வழிகள்

• காபன் 0.03% இற்கு மேற்படாத 304 எல், 316 எல் ரகங்களைப் பயன்படுத்தல்.
• கடற்கரைப் பகுதிகளில் மொலிப்டினம் சேர்ந்த 316 எல் ரகத்தைத் தெரிவுசெய்தல்.
• தைத்தேனியம் சேர்ந்த 321 ரகத்தைப் பயன்படுத்தல். இதில் காபன் தைத்தேனியத்துடன் சேர்வதால் குரோமியம் மிஞ்சும்.
• ஒட்டியபின் நிறப்படையை முற்றாக நீக்கல். இதற்குச் சாதாரண இரும்புக் கம்பித் தூரிகையைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகள்களே துருப்பிடிக்கும்.

4. ஓர் உதாரணம்

தமிழ்நாட்டின் கல்பாக்கமும் எம்மூரைப் போலக் கடலோரமே. அங்கு 2004 இல் கட்டத் தொடங்கிய முன்மாதிரி வேக ஈனுலையின் பிரதான கலத்துக்கு 316 எல்.என் ரகம் தெரிவுசெய்யப்பட்டது. "எல்" குறைந்த காபனையும் "என்" நைதரசனையும் குறிக்கும். காபனைக் குறைத்ததால் மூட்டுகள் அரிப்பைத் தாங்கும். காபன் குறைந்ததால் இழந்த வலிமையை நைதரசன் ஈடுசெய்யும்.

5. மாதிரி வினா

மேல்மாடிக் கைப்பிடி ஒன்றின் மூட்டுகளில் மட்டும் துரு காணப்பட்டது.
(i) காரணம் தருக. (2 புள்ளிகள்)
(ii) வர்ணம் பூசி மறைப்பது போதுமானதா? (2 புள்ளிகள்)

விடை:
(i) வெப்பத்தால் மூட்டின் அருகே குரோமியம் குறைந்தமை. அவ்விடத்தைக் குளோரைட்டு அயன்கள் தாக்கியமை.
(ii) போதாது. வர்ணத்தின் கீழும் அரிப்புத் தொடரலாம். மூட்டைச் சோதித்து, சுத்தம் செய்து, தேவையெனில் மீள ஒட்ட வேண்டும்.

நினைவிற் கொள்க: குழாய் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சாய்ந்து நிற்பவரின் பாரத்தை மூட்டும் தாங்க வேண்டும். மூட்டில் துருவைக் கண்டால் வீட்டாரிடம் சொல்லுங்கள்.