காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் தவணை தேதி மாறாது

போடியில் ஏலக்காய், கம்பத்தில் திராட்சை, சின்னமனூரில் வாழை என்று தேனி மாவட்டத்தில் பாதிப் பேருக்குப் பணம் வெள்ளாமையை ஒட்டித்தான் வரும். வீட்டுக்கடன் தவணையோ மாதாமாதம் குறித்த தேதியில் கணக்கிலிருந்து போய்விடும். இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஓராண்டாவது பிடிக்கும். வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் வரவைக் கணக்கில் ஏற்றுங்கள். கமிஷன் கடையில் ரொக்கமாக வாங்கி ரொக்கமாகவே செலவழித்த பணத்தை வங்கி வருமானமாக எடுத்துக்கொள்ளாது. விற்ற பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், கடைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லைதான். ஆனாலும் அதைக் காட்டி ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் கடன் கேட்கும்போது கைகொடுக்கும்.

அடுத்தது தாங்கும் தவணை. 8.5 சதவீத வட்டியில் 20 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதம் சுமார் 17,350 ரூபாய் கட்ட வேண்டும். நல்ல பருவத்து வரவை வைத்து இதைத் தீர்மானிப்பது ஆபத்து. 2019-இல் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. அந்தக் கீழ் விலையிலும் கட்ட முடிகிற தொகைதான் உங்கள் தவணை. அறுவடைப் பணம் வந்த அன்றே ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிப் பழகுங்கள். கடன் வாங்கும் முன்பே இப்படி ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தால் உங்கள் நிலவரம் தெரிந்துவிடும்.

பழைய கடன்களையும் எழுதுங்கள். நகைக்கடன், டிராக்டர் கடன், மகளிர் குழுக் கடன் இவற்றில் பாக்கி விழுந்திருந்தால் சிபில் அறிக்கையில் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த அறிக்கையை இலவசமாகவே பார்க்கலாம். சிபிலில் வராத கடன் ஒன்றும் நம் ஊரில் உண்டு: மொய். உங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டிய விசேஷங்கள் அடுத்த ஆண்டில் எத்தனை என்று மொய் நோட்டைப் புரட்டுங்கள். அதுவும் செலவுக் கணக்கில் வரட்டும்.

இனி கைப்பணம். 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நடைமுறையில் குறைவாகவே கிடைக்கும். பத்திரச் செலவோ முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம். 25 லட்சம் வீட்டுக்கு 20 லட்சம் கடன் கிடைத்தால், மீதி 5 லட்சத்தோடு பத்திரத்துக்கு 2.25 லட்சம் சேர்த்து ஏழேகால் லட்சம் கையில் வேண்டும். வக்கீல் கட்டணமும் மதிப்பீட்டுச் செலவும் தனி. (10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், ஏப்ரல் 2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.)

ஒத்திக்கு இருப்பவர்கள் திரும்பி வரவேண்டிய ஒத்திப் பணத்தை நம்பிப் பத்திரப் பதிவுக்குத் தேதி குறிக்க வேண்டாம். பெரும்பாலும் அடுத்த ஒத்திக்காரர் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் கையில் அது சேரும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

"பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு மட்டும் போடுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்திருங்க" என்று தரகர் சொல்வார். தீர்வை மிச்சமாவது போலத் தோன்றும். ஆனால் வங்கி பத்திரத்து விலையைப் பார்த்துத்தான் கடன் தரும், துண்டு விழுவதற்குக் கந்துவட்டிதான் வாசல் திறக்கும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்குச் சட்டத்தில் தடையும் இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று, பட்டா, மனைக்கு அங்கீகாரம் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.