தண்ணீரில் கிடந்தால்தான் இந்த மண் பிழைக்கும்

மண் தீப்பற்றி எரியுமா? பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள ராஜா மூசா வனக்காப்பகத்தில் எரிந்திருக்கிறது, மாணவர்களே. அங்கிருப்பது கரிச்சதுப்பு மண். மலாயில் 'தானா கம்புட்'. இலை, வேர், மரக்கட்டை எல்லாம் தண்ணீருக்குள் கிடந்ததால் ஆக்சிஜன் எட்டவில்லை. நுண்ணுயிரிகளால் அவற்றை முழுதாக மட்கச் செய்ய முடியவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த அந்த மிச்சமே இந்த மண்.

வெட்டிய மரத்தை வெளியேற்றவும் நிலத்தைத் திருத்தவும் கால்வாய் தோண்டினார்கள். நீர் வடிந்தது, காற்று புகுந்தது. நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கின. மண்ணிலிருந்த கார்பன், கார்பன் டை ஆக்சைடாக வெளியேற, நிலமும் தாழ்ந்தது. மிகவும் காய்ந்துவிட்டால் இம்மண் மீண்டும் நனைவதே கடினம். வறண்ட பூந்தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தீப்பிடித்தால் சுடரே தெரியாமல் அடியில் கனன்று, நாள்கணக்கில் புகையும். நம் மூக்கை எரிக்கும் புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் சேர்ந்து அக்கால்வாய்களை அடைத்து, மஹாங் கன்றுகளை நட்டு வருகின்றன. மஹாங் கொளுத்தும் வெயிலிலும் வேகமாக வளரும். மற்ற மரங்கள் அதன் நிழலில் வரும். செய்திப் படங்களில் கன்று நடுவதுதான் வருகிறது. என் கணக்கில் முதல் மதிப்பெண் அடைப்புக்கே. நீர்மட்டம் ஏறாமல் நட்ட கன்று, அடுத்த தீக்கு விறகு.

கரிமண்ணில் செம்பனை போட்ட தோட்டங்களிலும் நிலத்தடி நீரை மேற்பரப்பிலிருந்து 40 முதல் 60 செ.மீ. ஆழத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். வாய்க்காலின் குறுக்கே மணல்மூட்டை அடுக்கியிருப்பது அதற்காகத்தான்.