ஆசிரியர் கொணர்ந்த பயிர்

பாரிஸ், இலண்டன் போன்ற பெருநகரங்களைப் பற்றி நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஐரோப்பாவின் சிற்றூர் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை நாம் அவ்வளவாக அறிந்ததில்லை. பெல்ஜியம் நாட்டின் தென்பகுதியான வலோனியாவில், பிரான்சு எல்லையை ஒட்டி, ஆர்டென் மலைக்காடுகளின் நடுவே வ்ரெஸ் சூர் செமுவா என்னும் ஊராட்சி உள்ளது. செமுவா ஆற்றங்கரையிலுள்ள வ்ரெஸ் என்பது அப்பெயரின் பொருள். அங்கு வழங்கும் மொழி பிரெஞ்சு.

செமுவா, மலைகளைச் சுற்றிச் சுற்றி வளைந்தோடி, பிரான்சு நாட்டினுள் மியூஸ் ஆற்றில் கலக்கிறது. வளைவுகளின் உட்புறத்தில் மட்டுமே சிறிது சமநிலம் உண்டு. மற்றவை பெரும்பாலும் செங்குத்தான காடு. குளிர் மிகுந்த அந்நிலத்தில் உழவர் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. அல் என்னும் சிற்றூரில் சிலர் பாறையைப் பிளந்து சிலேட்டு எடுத்தனர். முன்னாளில் மாணவர் எழுதிய கற்பலகைக்கு உதவிய அதே வகைக் கல்தான். அங்கோ அதனைக் கூரையாக வேய்கின்றனர்.

அவ்வூர்ப் பள்ளியில் ஜோசப் பியரே என்பவர் ஆசிரியராக இருந்தார். 1850ஆம் ஆண்டுகளில் அவர் அங்குப் புகையிலைப் பயிரை அறிமுகம் செய்தார். ஆற்றோர மண் அதற்கு ஒத்துவந்தது. சில தலைமுறைகளுக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் புகையிலை பரவிற்று. உறைபனி நீங்கியபின் நாற்று நடுவர். இலை தடிக்கும் பொருட்டுப் பூங்கொத்தைக் கிள்ளி எறிவர். கோடையின் இறுதியில் அறுவடை செய்து, காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டுப் பலகை அடித்த கொட்டகைகளில் தொங்கவிட்டு உலர்த்துவர். தோட்ட வேலை அறிந்த நம் பெற்றோருக்கு இவ்வுழைப்பை விளக்க வேண்டியதில்லை.

புகையிலை உடலுக்குத் தீங்கு என்பதை இன்று யாவரும் அறிவோம். ஆயினும் அன்று அக்குடும்பங்களின் அடுப்பு எரிந்தது அதனால்தான். பிற்காலத்தில் சுங்கான் புகைப்போர் குறைந்து, வெளிர்நிற இலையாலான சிகரெட் எங்கும் பரவியது. செமுவாவின் கருநிற இலையை விரும்பி வாங்குவோர் அருகினர். இன்று அதனைப் பயிரிடுவோர் ஒரு சிலரே. பழைய கொட்டகைகள் மட்டும் ஆங்காங்கே நிற்கின்றன.

1977ஆம் ஆண்டில் பெல்ஜிய அரசு 2,359 ஊராட்சிகளை 596ஆகக் குறைத்தது. அப்பொழுது அல், போவான், லாஃபோரே முதலிய பன்னிரண்டு சிற்றூர்கள் ஒரே ஊராட்சியின் கீழ் வந்தன. ஏறத்தாழ 100 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 3,000க்கும் குறைவான மக்களே வாழ்கின்றனர். ஆறாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் பதினொருவர் கொண்ட மன்றம் சாலை, பள்ளி, காடு ஆகியவற்றைக் கவனிக்கிறது. தம் ஊருக்கெனத் தனி மன்றம் இருந்த காலத்தை நினைவிற்கொண்ட முதியோருக்கு இம்மாற்றம் எளிதாக இருந்திராது என்றே நாம் எண்ணுகிறோம்.

லாஃபோரேயில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆற்றின் அக்கரையிலுள்ள புகையிலை வயல்களுக்குச் செல்வதற்காக, மரக்கால்களை ஊன்றி, அவற்றின்மேல் கிளைகளால் பின்னிய தட்டிகளைப் பரப்பிக் கோடையில் பாலம் அமைப்பர். குளிர்கால வெள்ளம் வருமுன் கழற்றி எடுத்துவிடுவர். அக்கரையில் இன்று அவ்வயல் வேலை இல்லை. எனினும் கோடைதோறும் பாலம் போடப்படுகிறது. படகோட்டவும் கூடாரமடித்துத் தங்கவும் வரும் விடுமுறைப் பயணிகள், தட்டிகள் காலடியில் நெளிய, மெல்ல நடந்து அக்கரை சேர்கின்றனர்.