இரண்டு கப்பல்கள்

குனோங் ராபாட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு எழுபது வயது நிறைந்தது. அதைக் கொண்டாடப் பிள்ளைகள் அவரை ஜப்பானைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் அழைத்துச் சென்றனர்.

கப்பல் யோக்கோஹாமா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மெத்தைக் கட்டில், குளியலறை, கடலைப் பார்த்தபடி அமரப் பலகணி என அறையில் எல்லா வசதிகளும் இருந்தன. நாகசாகியில் இறங்கியபோது, 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் அணுகுண்டுக்குப் பலியானோரை நினைவுகூரும் அமைதிப் பூங்காவில் அவர் நெடுநேரம் நின்றார். அடுத்து, கப்பல் தென்கொரியாவின் பூசானைத் தொட்டது.

“ஜப்பான் பயணத்தில் கொரியா எதற்குப் பாட்டி?” என்று பேரன் கேட்டான்.

“வெளிநாட்டுக் கப்பல்கள் ஜப்பானியத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்வதை அந்நாட்டுச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் இடையில் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கும் செல்கின்றன” என்று விளக்கினார்.

“நீங்கள் கப்பலில் போவது இதுதான் முதன்முறையா?”

“இல்லை ஐயா. 1962-இல் அம்மாவுடன் ‘ராஜூலா’வில் போனேன்.”

1926-இல் கட்டப்பட்ட ராஜூலா, தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணிகளுக்கு அறை கிடையாது. பினாங்கில் ஏறிய அம்மா, தளத்தில் பாய் விரித்து, இரும்புப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். மறுநாள் அலையில் மயங்கி விழுந்தார். பக்கத்துப் பாயில் இருந்த முன்பின் அறியாத பெண்மணி, எலுமிச்சை ஊறுகாயும் கஞ்சியும் கொடுத்து, நாகப்பட்டினம் வரும்வரை இருவரையும் கவனித்துக்கொண்டார். கரையை அடையப் படகில் இறங்கிய அவசரத்தில், அம்மா அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டார். அந்தக் குறை கடைசிவரை அம்மாவுக்கு இருந்தது.

மறுநாள் காலை, அறையைத் துப்புரவு செய்ய வந்த இளைஞர் தமிழில் வணக்கம் சொன்னார்.

“எந்த ஊர் தம்பி?”

“நாகப்பட்டினம் பக்கம் அம்மா. வீட்டைப் பார்த்து எட்டு மாதமாகிறது.”

ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, குனோங் ராபாட்டிலிருந்து கொண்டுவந்த ஹியோங் பியா பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“உங்கள் பெயர் என்ன தம்பி?” என்று மறக்காமல் கேட்டார்.