குளிர்ந்த மலைப்பாங்கில் திறந்தவெளித் தக்காளிச் சாகுபடி

தக்காளி உஷ்ணத்தை விரும்பும் செடி. தென்னமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்கள் அதன் தாயகம். சமவெளி ஜில்லாக்களில் குப்பைமேட்டிலும் தானாக முளைத்துக் காய்க்கும் இச்செடி, நீலகிரியில் 6,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் மட்டும் செழித்து வளர்ந்தும் பலனளிக்காமற் போவதேன் என்று குடியானவர்கள் பலர் வினவுகின்றனர். கண்ணாடி வீடும் பாலித்தீன் கூடாரமும் அமைக்கச் சக்தியுள்ளவர்களைக் குறித்து இங்கே பேச்சில்லை. வெட்டவெளியில் பயிரிடுவோருக்கே இவ்வியாசம்.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுதல் நலம். ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்குச் சமவெளித் தக்காளி வண்டி வண்டியாக வந்து குவியும் காலங்களில், மலைத் தக்காளி விலையில் அதனோடு போட்டியிட முடியாது. ஆகவே காரட்டையும் கோசையும் நிறுத்திவிட்டுத் தக்காளிக்கு நிலத்தை ஒழிக்கும்படி நாம் யாருக்கும் யோசனை சொல்வதற்கில்லை. வீட்டுத் தேவைக்கும் அண்டையிலுள்ள கடைவீதிக்கும் போதுமான சிறு பாத்திகளே உத்தமம். உதகமண்டலத்தின் உயரத்தில் அதுவும் சந்தேகத்துக்கிடமானது. குன்னூர், கோத்தகிரி மட்டத்தில் சாத்தியமானது.

குளிர் செய்யும் தீங்கு பல வகை. உறைபனி பட்டால் செடி ஓர் இரவில் கருகிப்போம் என்பது யாவரும் அறிந்ததே. அறியாதது, உறைபனியின்றியே குளிர் விளைவிக்கும் நஷ்டம். இரவு உஷ்ணம் சுமார் 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் மகரந்தம் சரிவர உண்டாவதில்லை. பூ கருவுறாமல் உதிர்கிறது. உதகையில் சித்திரை மாதத்திலும் இத்தகைய இரவுகள் உண்டு. பூவே இல்லையென்று எருவை மேலும் மேலும் கொட்டுவோர் இலையைத்தான் வளர்க்கிறார்கள். நடுப்பகலில் வெயில் ஏறியபின் பூங்கொத்துகளை விரலால் மெல்லத் தட்டிவிடின், இருக்கிற மகரந்தம் உதிர்ந்து சூல் பிடிக்க ஏதுவாகும். பெரும் பழ ரகங்களைக் காட்டிலும், கோலிக்குண்டு அளவாகக் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் சிறு பழ ரகங்கள் குளிரில் நன்றாகப் பிடிக்கும். விதைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட படத்தின் அழகைப் பாராமல், முன்னதாகப் பழுக்கும் ரகமா என்பதையே விசாரித்து வாங்குக.

அடுத்தது காலக் கணக்கு. சமவெளியில் 25 நாளில் பிடுங்கி நடும் நாற்று, மலையில் ஆறேழு வாரம் எடுக்கும். ஆதலின் தை முதல் வாரத்தில் விதைத்தால் மாசிப் பிற்பகுதியில், உறைபனிப் பயம் நீங்கியபின், நடலாம், சித்திரையில் பூக்கும், வைகாசிக் கடைசியில் முதற் பழம் காணலாம். அதற்குள் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. மலையின் மேற்கு முகத்தில் அம்மழை இடைவிடாது பெய்யும். ஆகவே அங்கே செடிக்கு மூன்று கொத்துக்கு மேல் விடலாகாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களுக்கு வடகிழக்குப் பருவமழையே பிரதானமாதலால், ஆனி, ஆடி வரையிலும் பறிக்க அவகாசம் கிடைக்கும். அங்கே நான்கைந்து கொத்துகள் விடலாம். வேண்டிய கொத்து வந்ததும் அதற்குமேல் இரண்டு இலைகளை நிறுத்திக் குருத்தைக் கிள்ளிவிட வேண்டும்.

விதையைப் பெட்டியில் தூவி அடுப்பங்கரையில் வைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். வெளியே ஈரமண்ணில் இட்டது குளிரில் அழுகும். முளைத்தவுடன் வெளிச்சத்துக்கு மாற்றுக. நடுமுன் பத்து நாள் பகலில் வெளியிலும் இரவில் தாழ்வாரத்திலும் வைத்துப் பழக்குதல் அவசியம். தண்டிலும் வேர் விடும் செடியாகையால், கீழிலைகளை அகற்றிச் சற்று ஆழமாக நடலாம். வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 2 அடி. சீகைக் கொம்போ மூங்கிலோ நட்டுக் கட்டி, இலைக்கக்கத்துப் பக்கக் கிளைகளை உலர்ந்த வேளையில் கிள்ளி வருக.

பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று வழிந்து தேங்கும், அங்கே நடலாகாது. கிழக்கு நோக்கிய சரிவே விசேஷம். காலை வெயில் பட்டு இலைமேல் உள்ள பனிநீர் சீக்கிரம் உலரும் என்பதே அதற்குக் காரணம். அதன் அருமை பின்வரும் நோயால் விளங்கும்.

உருளைக்கிழங்கை அழிக்கும் பின்பருவ இலைக்கருகல் தக்காளியையும் அழிக்கிறது. இரண்டுக்கும் நோய்க்கிருமி ஒன்றே. 1845-ஆம் வருஷத்தில் அயர்லாந்து தேசத்தின் கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்தது இதுவே. குளிரும், பல மணி நேரம் இலையில் தங்கும் ஈரமும் சேர்ந்தால் போதும். முதலில் இலையோரத்தில் நீர் ஊறியதுபோன்ற கரும்பச்சைத் திட்டு. காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெண்மையான பூஞ்சணம். பின்பு தண்டிலும் காயிலும் பழுப்பு நிறம். மேகமூட்டம் நீடித்தால் சில நாள்களில் பாத்தி முழுதும் கருகிவிடும். கண்டபின் மருந்தைத் தேடுவதில் பயன் குறைவு. காரட்டுக்கு வைத்திருக்கும் தூவல் குழாயைத் தக்காளியின்மேல் திருப்பாமல், காலையில் வேரில் மட்டும் நீர் விடுக. தரையிலிருந்து ஓரடிவரை இலைகளை நீக்குக.

முன்காப்பாகப் போர்டோக் கலவை ஏற்றது. மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் நீரிலும், புதிய சுட்ட சுண்ணாம்பு 100 கிராமைத் தாளித்து மற்றோர் 5 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுக்க, செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறிக. அன்று கலந்ததை அன்றே தெளிக்க வேண்டும். இளநாற்றுக்குப் பாதி வலிமையே போதும். பழத்தைக் கழுவியே உண்க.

கிராம அதிகாரிகள் கருத்தூன்ற வேண்டிய விஷயமும் உண்டு. சாலையோரத்தில் கொட்டப்படும் அழுகற் கிழங்குக் குவியல்களிலும், அறுவடைக்குப்பின் தானே முளைக்கும் உருளைச் செடிகளிலுமே இந்நோய் ஒளிந்திருக்கிறது. ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தமாக வைத்தும், அடுத்த புறம்போக்கில் குவியல் கிடந்தால் பயனில்லை. அவற்றை ஆழப் புதைக்கும்படி செய்தல் வேண்டும்.

மற்றொரு சத்துரு கண்ணுக்குப் புலப்படாது. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளை முட்டைக்கூட்டு நூற்புழுவுக்குத் தக்காளி வேரும் ஆகாரமே. குண்டூசித் தலையளவுள்ள கூட்டினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் பல்லாண்டு உயிரோடிருந்து, உருளை அல்லது தக்காளி வேரின் ஊறலை உணர்ந்ததும் பொரிக்கின்றன. இதைத் தாங்கவல்ல குப்ரி சொர்ணா போன்ற உருளை ரகங்களைப் பயிரிட்டுப் புழுவைக் குறைத்த நிலத்தில் தக்காளியை வைப்பது, பட்டினி போட்ட பகைவனுக்கு விருந்திடுவதாகும். உருளைக்குப்பின் மூன்று நான்கு வருஷம் காரட், கோஸ், பீன்ஸ், பூண்டு என மாற்றி, அப்பாலே தக்காளி நினைக்கலாம். வீட்டோரச் சுவரடியில் உருளை காணாத மண் இருந்தால் அதுவே மேல்; சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் செடிக்கு விடும். அயலார் நிலத்து மண் ஒட்டிய நாற்றை வாங்காதீர்கள்.

மலை மண் பெரும்பாலும் புளிப்பு மிக்கது. பரிசோதித்து, சொல்லும் அளவு சுண்ணாம்பிடுக. சுண்ணாம்புச் சத்தும் ஒரு சீரான நீரும் இல்லாவிடில் காயின் அடி கறுத்துக் குழியும், இது தொற்றுநோயன்று.

மழை நெருங்கியும் காய் பச்சையாகவே நின்றால் செடியிலேயே விட்டுக் காத்திராதீர்கள். நிறைய வளர்ந்து நுனியில் சற்றே வெளுத்த காய்களைப் பறித்து, திட்டு விழுந்தவற்றைத் தள்ளி, ஈரம் துடைத்து, வைக்கோல் இட்ட கூடையில் ஓரடுக்காக வைத்து, நடுவே கனிந்த வாழைப்பழம் ஒன்றை இடுக. பழுக்க வெயில் தேவையில்லை. 20 டிகிரியை ஒட்டிய கதகதப்பே தேவை. 10 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட அறையில் வைத்தால் செந்நிறம் ஏறாது, சுவையும் கெடும். அடுப்புக்கு அருகில் வைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்து, சிவந்தவற்றை எடுத்துக்கொள்ளலாம். வளர்ச்சி முற்றாத சிறு காய்கள் ஊறுகாய்க்கு உதவும்.