ரால்ஃபுக்காக அழலாமா?

கேள்வி: ‘ரெக்-இட் ரால்ஃப்’ படம் பார்க்கும்போதெல்லாம் என் மகள் ரால்ஃபுக்காகக் கண் கலங்குகிறாள். உடைப்பதும் அபகரிப்பதுமாக இருப்பவன் மேல் இரக்கம் வரலாமா? – ஒரு வாசகி, ஐரோலி, நவி மும்பை.

பதில்: தாராளமாக வரலாம்.

2012இல் ரிச் மூர் இயக்கிய அந்த டிஸ்னி படம் ரால்ஃபின் குற்றங்களை மறைக்கவே இல்லை. தன் வீடியோ கேமின் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு, அதன் வில்லனான அவனுக்கு அழைப்பு கிடையாது. அழையாமலே போகிறான். அங்கே கேக்கின் உச்சியில் கேமின் நாயகன் ஃபீலிக்ஸ் பதக்கத்தோடு நிற்க, அடியில் சேற்றுக்குள் ரால்ஃபின் பொம்மை. அதை எடுத்து மேலே வைக்கிறான்; அந்தக் கேமின் கட்டடத்தில் குடியிருக்கும் ஜீன் திரும்பச் சேற்றுக்கே இறக்குகிறான். ஆத்திரத்தில் கேக்கே நொறுங்குகிறது. அந்த வலி குழந்தைக்கு உடனே புரிந்துவிடும்.

பதக்க ஆசையில் வேறொரு விளையாட்டுக்குள் புகுந்து பதக்கத்தைக் குறுக்கு வழியில் எடுக்கிறான். பிறகு, இன்னொரு விளையாட்டில் தோழியாகும் சிறுமி வெனெலப்பியின் பந்தயக் காரையும் உடைக்கிறான். அவள் நன்மைக்கென்று நம்பித்தான் உடைக்கிறான். ஆனாலும் அது கொடுமை. பதக்கமும் ஜீன் வாக்களித்த மாடி வீட்டுச் சாவியும் கைக்கு வரும்போது, அவன் இல்லாமல் விளையாட்டே முடங்கிக் கட்டடமே காலி.

நம் மும்பையிலும் இப்படி ஒருவன் உண்டு. ஜுகல் ஹன்ஸ்ராஜ் இயக்கி, யஷ் ராஜும் டிஸ்னியும் 2008இல் சேர்ந்து எடுத்த ‘ரோட்சைட் ரோமியோ’வில் செல்லமாய் வளர்ந்த பங்களா நாய் தெருவுக்கு வந்துவிடுகிறது. சைஃப் அலி கான் குரலில் அதன் அலட்டலுக்குக் குறைவில்லை. ஆனாலும் பாவமாக இருக்கும். (அதில் வரும் தெருநாய்த் தாதாவுக்கு ‘சார்லி அண்ணா’ என்று பெயரிட்டுத் தென்னிந்திய வாடையில் இந்தி பேசவைத்தது மட்டும் உறுத்தல்.)

மகள் அழட்டும் அம்மா. படம் முடிந்ததும், வெனெலப்பிக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் அவளிடம் கேளுங்கள்.